பத்து முட்டைகள்: பேஸ்பாலில் ஷட்அவுட் என்றால் என்ன?

1991 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மெட்ரோடோம் என்ற கூரை போட்ட மைதானம். உள்ளே 55,000 பேருக்கு மேல். கூரைக்கு அடியில் அவ்வளவு பேர் கத்தினால் சத்தம் எங்கே போகும்? பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அன்றைய ஸ்கோர்போர்டு கடைசியில் இப்படி நின்றது:

அட்லாண்டா: 0 0 0 0 0 0 0 0 0 0
மின்னசோட்டா: 0 0 0 0 0 0 0 0 0 1

பத்தொன்பது முட்டை, மூலையில் ஒரே ஒரு ஒன்று. பேஸ்பால் பழக்கமில்லாதவர்கள் இதைப் பார்த்தால் ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இந்த விளையாட்டின் ரசிகர்களோ இதுவரை நடந்த மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். மேல் வரிசையில் இருக்கும் பத்து முட்டைகளும் ஒரே மனிதருடைய கைவேலை என்பதுதான் காரணம். அவர் பெயர் ஜாக் மோரிஸ். அவர் செய்ததற்குப் பெயர் கம்ப்ளீட் கேம் ஷட்அவுட். இந்த மூன்று சொற்களையும் புரிந்துகொள்ள, ஆட்டத்தின் அடிப்படையிலிருந்து வருவோம்.

பேஸ்பாலில் பந்து போடுபவர் பிட்சர். மைதானத்தின் நடுவில் மண்ணைக் கொட்டி மேடு ஒன்று கட்டியிருப்பார்கள். அதன் மேல் நின்று, சுமார் 18.4 மீட்டர் தள்ளி நிற்கும் பேட்டருக்குப் பந்தை எறிவார். தரையில் குத்தவிடாமல் நேராக எறிவதுதான் முறை. பேட்டருக்குப் பின்னால் முகமூடி போட்டு உட்கார்ந்திருப்பவர் கேட்சர். பேட்டர் அடித்துவிட்டு முதல் பேஸ், இரண்டாவது பேஸ், மூன்றாவது பேஸ் என்று சுற்றி, கிளம்பிய இடமான ஹோம் பிளேட்டுக்கே திரும்பி வந்தால்தான் ஒரு ரன். கிரிக்கெட்டில் தட்டிவிட்டு எதிர்முனைக்கு ஓடினாலே ஒன்று கிடைத்துவிடுகிறது. இங்கே நான்கு முனையும் சுற்ற வேண்டும். ஒரே மூச்சில் சுற்ற முடிவது அபூர்வம். பெரும்பாலும் ஒரு பேஸில் போய் நின்று, அடுத்து வருபவர் அடிப்பதற்காகக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால் பேஸ்பாலின் ரன்னைக் கிரிக்கெட் ரன்னாக நினைக்காமல், கால்பந்தின் கோல் மாதிரி நினைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். நான்கைந்து ரன் எடுத்தாலே அது நல்ல நாள்.

மூன்று பேர் அவுட் ஆனால் ஓர் அணியின் முறை முடிந்தது. மற்ற அணி வரும். இரண்டு அணிகளும் ஒருமுறை ஆடி முடித்தால் ஓர் இன்னிங்ஸ். மொத்தம் ஒன்பது இன்னிங்ஸ். ஆக, எதிரணியை முழுசாக முடிக்க 27 அவுட் வேண்டும். சமநிலையில் நின்றால் ஜெயிப்பவர் யார் என்று தெரியும்வரை கூடுதல் இன்னிங்ஸ் போய்க்கொண்டே இருக்கும்.

இன்னும் ஒரு விஷயம் மட்டும். பேட்டருக்கு எட்டும் பகுதிக்குள் வரும் பந்தை அவர் விட்டுவிட்டாலோ, சுழற்றித் தவறவிட்டாலோ அது ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட். அந்தப் பகுதிக்கு வெளியே போய், பேட்டரும் தொடாமல் விட்டால் அதற்குப் பெயர் ‘பால்’. (தமிழில் எழுதினால் காலையில் வரும் பால் மாதிரி இருக்கிறது, வேறு வழியில்லை.) நான்கு ‘பால்’ போட்டுவிட்டால் பேட்டர் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதற்குப் பெயர் வாக்.

சரி, இப்போது ஷட்அவுட். எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடிப்பது. கம்ப்ளீட் கேம் என்றால் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை ஒரே பிட்சரே போடுவது. இவை இரண்டும் வேறு வேறு. ஐந்து ரன் கொடுத்தும் ஆட்டம் முழுக்கப் போட்டிருக்கலாம்: அது கம்ப்ளீட் கேம், ஷட்அவுட் இல்லை. நான்கு பிட்சர்கள் மாறி மாறிப் போட்டு எதிரணியைப் பூஜ்யத்தில் நிறுத்தியிருக்கலாம்: அணிக்கு ஷட்அவுட், ஆனால் எந்தப் பிட்சரின் கணக்கிலும் அது ஏறாது. இரண்டும் ஒரே ஆளிடம் சேரும்போதுதான் அவர் பெயருக்கு நேராக ஒரு ஷட்அவுட் எழுதுவார்கள்.

இதற்கு ஒரு வேடிக்கையான விதிவிலக்கு உண்டு. 1917 ஜூன் 23 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்குப் பந்து போட வந்தவர் பேப் ரூத். பின்னாளில் பேட்டராக உலகப் புகழ் பெற்றாரே, அவரேதான். அப்போது அவர் பிட்சர். முதல் பேட்டருக்கு நான்கு ‘பால்’ என்று நடுவர் சொன்னதும் ரூத்துக்குக் கோபம் வந்துவிட்டது. சண்டைக்குப் போய் நடுவர் மேல் கை வைத்தார். வெளியே அனுப்பிவிட்டார்கள். அவசரமாக வந்த எர்னி ஷோர், முதல் பேஸில் இருந்தவர் இரண்டாவது பேஸைத் திருடப் போய் (யாரும் அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிவிடப் பார்ப்பதற்கு அப்படிப் பெயர்) அவுட் ஆனதும், அடுத்த 26 பேரையும் வரிசையாக அவுட் ஆக்கினார். ஷோர் ஆட்டத்தைத் தொடங்கவில்லை. ஆகவே கம்ப்ளீட் கேம் கிடையாது. ஆனாலும் ஷட்அவுட் அவருக்குத்தான். முதல் இன்னிங்ஸில் யாரும் அவுட் ஆவதற்கு முன், ரன் எதுவும் போவதற்கு முன் உள்ளே வந்து, மிச்ச ஆட்டம் முழுவதையும் ரன் கொடுக்காமல் முடித்தால் ஷட்அவுட் கொடுக்கலாம் என்று விதி சொல்கிறது.

புதிதாகப் பார்ப்பவர்கள் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ஷட்அவுட் என்றால் எதிரணி பந்தையே தொடவில்லை என்று அர்த்தமில்லை. ஏழெட்டு ஹிட் (பேட்டர் பந்தை அடித்து, அவுட் ஆகாமல் பேஸில் ஏறுவது) கொடுக்கலாம், வாக் கொடுக்கலாம், மூன்று பேஸிலும் ஆள் நிற்கலாம். ஹோம் பிளேட்டை மட்டும் யாரும் மிதிக்கக் கூடாது. ஹிட் ஒன்றுகூடக் கொடுக்காமல் முடித்தால் அது நோ-ஹிட்டர். ஹிட், வாக், பிழை என்று எந்த வழியிலும் ஒருவரைக்கூட முதல் பேஸில் ஏறவிடாமல் 27 பேரையும் அனுப்பினால் பெர்ஃபெக்ட் கேம். 1956இல் நியூயார்க் யாங்கீஸின் டான் லார்சன் உலகத் தொடரிலேயே அதைச் செய்தார். அந்தத் தொடரின் வரலாற்றில் அது ஒன்றுதான்.

பெர்ஃபெக்ட் கேமைவிட எனக்குச் சாதாரண ஷட்அவுட்தான் பிடிக்கும். பெர்ஃபெக்ட் கேமில் வீட்டுக்குள் யாரும் நுழைவதே இல்லை. ஷட்அவுட்டிலோ திருடன் திண்ணைக்கு வருகிறான், கதவைத் தள்ளுகிறான், கொல்லைப்புறமாக எட்டிப் பார்க்கிறான். கடைசியில் ஒன்றும் எடுக்காமல் போகிறான். பார்க்கிறவனுக்கு அதில்தானே வயிற்றைப் பிசையும்?

இன்னொரு கொடுமை: பிட்சர் தப்பே செய்யாவிட்டாலும் ஷட்அவுட் போய்விடலாம். கையில் வந்த பந்தை ஃபீல்டர் கோட்டைவிட்டு அதனால் ஒரு ரன் வந்தால், பிட்சரின் சராசரிக் கணக்கில் அதைச் சேர்க்க மாட்டார்கள். ஷட்அவுட்டைத் திருப்பித் தரவும் மாட்டார்கள். ரன் என்றால் ரன்.

அப்படியென்ன கஷ்டம் என்று கேட்கலாம். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் ஆறு பந்து போட்டுவிட்டு எல்லைக்கோட்டுப் பக்கம் போய் மூச்சு வாங்கலாம். மறுமுனையில் வேறொருவர் போடுவார். பேஸ்பாலில் அந்த ஓவர் கணக்கு கிடையாது. மேட்டில் இருப்பவர் இருக்கும்வரை எல்லாப் பந்தும் அவருடையதுதான். தன் அணி பேட் செய்யும்போது உட்கார்ந்திருப்பதுதான் ஓய்வு. ஒரு கம்ப்ளீட் கேமுக்கு நூற்றுச் சொச்சம் பந்து ஆகும். ஒவ்வொன்றையும் தோளும் முழங்கையும் கழன்று போகிற மாதிரி எறிய வேண்டும்.

கை வலி ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தொல்லை, எதிரில் வருகிறவர்கள் மாறுவதே இல்லை. ஒன்பது பேர், அதே வரிசையில், திரும்பத் திரும்ப வருவார்கள். முதல் சுற்றில் பிட்சரின் கை எங்கிருந்து வருகிறது, பந்து எப்படி வளைகிறது என்று பேட்டருக்குப் புரியாது. இரண்டாவது சுற்றில் கொஞ்சம் பிடிபடும். மூன்றாவது சுற்றில் பிட்சர் களைத்திருப்பார், பேட்டர் பாடம் படித்திருப்பார். 27 அவுட் எடுக்க ஒவ்வொருவரையும் குறைந்தது மூன்று முறை சந்தித்தே ஆக வேண்டும். இந்த ‘மூன்றாவது சுற்று’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இப்போது மினியாபொலிஸுக்குத் திரும்புவோம்.

அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் இறுதிப் போட்டிக்கு உலகத் தொடர் என்று பெயர். (உலகம் என்றால் அமெரிக்காவும் கனடாவும்தான். அதை அவர்களிடம் கேட்க முடியாது.) ஏழு ஆட்டத்தில் நான்கு ஜெயிப்பவருக்குக் கோப்பை. 1991இல் மோதிய மின்னசோட்டா ட்வின்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸ் இரண்டுமே முந்தின வருடம் தங்கள் பிரிவில் கடைசி இடம் பிடித்த அணிகள். ஆறு ஆட்டம் முடிந்தபோது 3-3. அதில் இரண்டு ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸ் வரை இழுத்திருந்தது.

ஏழாவது ஆட்டத்தில் மின்னசோட்டாவுக்கு மோரிஸ், வயது 36. பக்கத்து ஊரான செயின்ட் பாலில் பிறந்தவர். டெட்ராய்ட் டைகர்ஸ் அணியில் பல வருடம் ஆடிவிட்டு, அந்த வருடம்தான் சொந்த மாநிலத்துக்கு வந்திருந்தார். அதே தொடரின் முதல் ஆட்டத்தையும் நான்காவது ஆட்டத்தையும் தொடங்கியவரும் அவரே. நடுவில் மூன்று நாள்தான் ஓய்வு. எதிரே அட்லாண்டாவின் ஜான் ஸ்மோல்ட்ஸ், வயது 24. மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்து, டெட்ராய்ட்டில் மோரிஸ் ஆடுவதைப் பார்த்து அவரைக் கதாநாயகனாக நினைத்திருந்த பையன். அந்தக் கதாநாயகனுக்கு எதிராகவே மேட்டில் ஏறினான்.

ஏழு இன்னிங்ஸ் வரை இருவருமே முட்டை போட்டார்கள். எட்டாவது இன்னிங்ஸுக்கு அட்லாண்டா வந்தபோது மோரிஸ் சரியாக 27 பேரைச் சந்தித்து முடித்திருந்தார். அதாவது மூன்று சுற்று முடிந்து நான்காவது சுற்று தொடங்குகிறது. வரிசையின் முதல் ஆளான லானி ஸ்மித் ஒரு ஹிட் அடித்து முதல் பேஸில் நின்றார். அடுத்தவர் டெரி பெண்டில்டன். மோரிஸ் பந்தை விட்ட கணமே ஸ்மித் இரண்டாவது பேஸை நோக்கி ஓட ஆரம்பித்துவிட்டார். பெண்டில்டன் அடித்த பந்து இடப்பக்கம் இரண்டு ஃபீல்டர்களுக்கு நடுவே சுவர் வரை போனது. அவ்வளவு முன்னதாகக் கிளம்பியவர் ஹோம் பிளேட்டைத் தொட்டிருக்க வேண்டும். தொட்டிருந்தால் மோரிஸின் ஷட்அவுட்டும் போச்சு, அநேகமாகக் கோப்பையும் போச்சு.

ஸ்மித் இரண்டாவது பேஸ் பக்கம் வந்து திகைத்து நின்றார். ஓடும்போது அவர் பந்தைப் பார்க்கவில்லை. மின்னசோட்டாவின் சக் நாப்லாக்கும் கிரெக் காக்னியும், இல்லாத ஒரு பந்தைத் தரையிலிருந்து பொறுக்கி ஒருவருக்கொருவர் எறிவது போல நடித்தார்கள். தெருவில் ஆடும் பிள்ளைகள் செய்கிற அதே வித்தை! ஸ்மித் அந்த நடிப்பில் ஏமாந்தாரா, பந்தைத் தொலைத்துவிட்டுத் தானாகவே தயங்கினாரா என்பது இன்றும் ஓயாத வாக்குவாதம். எப்படியோ, தெளிந்து ஓடியவரால் மூன்றாவது பேஸ் வரைதான் போக முடிந்தது.

மூன்றாவது பேஸில் ஒருவர், இரண்டாவதில் ஒருவர், அவுட் யாரும் இல்லை. இந்த நிலையில் ரன் கொடுக்காமல் தப்பிப்பது அபூர்வம். உயரமாக ஒரு கேட்ச் கொடுத்துவிட்டுக்கூட ஒரு ரன் எடுக்கலாம்: பந்து பிடிபட்ட பிறகு மூன்றாவது பேஸில் இருப்பவர் ஓடி வந்துவிடலாம்.

அடுத்து வந்த ரான் கேன்ட், முதல் பேஸ் பக்கம் தரையோடு பலவீனமாகத் தட்டினார். அவர் ஓடிச் சேர்வதற்குள் பந்து முதல் பேஸுக்குப் போய்விட்டது, அவுட். ஓடுவதற்கு வழியில்லாமல் இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அடுத்தவர் டேவிட் ஜஸ்டிஸ், பந்தைப் பலமாக அடிக்கும் ஆபத்தான ஆள். மேனேஜர் டாம் கெல்லி மேட்டுக்கு வந்து மோரிஸிடம் பேசினார். ஜஸ்டிஸுக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி விளக்க வேண்டும். ஏற்கனவே இரண்டு பேர் நிற்கும்போது மூன்றாவது ஆளையும் சும்மா ஏற்றிவிடுவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் பேஸ் எல்லாம் நிரம்பிவிட்டால், தரையோடு பந்து போகும்போது நிற்கிற எல்லோரும் ஓடியே ஆக வேண்டும். பின்னால் வருகிறவருக்கு இடம் விட வேண்டுமே. அப்போது அவர்களைத் தொட்டு அவுட் செய்ய வேண்டியதில்லை. பந்தோடு பேஸை மிதித்தாலே போதும், ஹோம் பிளேட் உட்பட. ஒரே பந்தில் இரண்டு அவுட் எடுக்கவும் வழி பிறக்கும். அதற்கு டபுள் பிளே என்று பெயர்.

அதுதான் நடந்தது. சிட் பிரீம் தரையோடு முதல் பேஸ் பக்கம் அடித்தார். கென்ட் ஹர்பெக் பந்தைப் பொறுக்கி ஹோம் பிளேட்டில் நின்ற கேட்சர் பிரையன் ஹார்ப்பருக்கு எறிந்தார். ஓடி வந்த ஸ்மித் அவுட். ஹார்ப்பர் உடனே திருப்பி ஹர்பெக்குக்கே எறிந்தார், பிரீமும் அவுட். எட்டாவது முட்டை.

ஷட்அவுட் ‘ஒரே ஆளின் கைவேலை’ என்று மேலே சொன்னேன். இந்த இடத்தில் அதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். நடித்த இரண்டு பேர், அவசரப்படாமல் எறிந்த ஹர்பெக், வாங்கித் திருப்பிய ஹார்ப்பர் இல்லாவிட்டால் மோரிஸின் கணக்கில் முட்டை ஏது?

அதே இன்னிங்ஸின் இரண்டாம் பாதியில் மின்னசோட்டாவும் ஒரு அவுட்டோடு மூன்று பேஸையும் நிரப்பியது. ஸ்மோல்ட்ஸை எடுத்துவிட்டு மைக் ஸ்டான்டனைக் கொண்டுவந்திருந்தார் அட்லாண்டா மேனேஜர் பாபி காக்ஸ். ஹர்பெக் ஓங்கி அடித்தார். பந்து நேரே இரண்டாவது பேஸ் ஃபீல்டர் மார்க் லெம்கேயின் கைக்குப் போனது. அவர் பிடித்துவிட்டு, அப்படியே பேஸையும் மிதித்தார். மறுபடி டபுள் பிளே, மறுபடி முட்டை. ஒரே இன்னிங்ஸில் இரண்டு அணிகளுக்கும் ஒரே மாதிரி வாய்ப்பு, ஒரே மாதிரி ஏமாற்றம். எழுத்தாளர் யாராவது இப்படிக் கதை எழுதினால் நம்ப மாட்டோம்.

மோரிஸ் அப்போது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இதைப் பார்க்க மட்டும்தான் முடிந்தது. மின்னசோட்டா இருந்த அமெரிக்கன் லீக் மைதானங்களில் அன்றைய விதிப்படி பிட்சர் பேட் செய்ய மாட்டார். அவருக்குப் பதிலாக டெசிக்னேட்டட் ஹிட்டர் என்று ஒருவர் அடிப்பார். ஷட்அவுட்டின் வினோதம் இதுதான். ஒரு பிட்சர் தன் வேலையை நூற்றுக்கு நூறு செய்துவிடலாம். அது தோற்காமல் இருக்கத்தான் உதவும். ஜெயிப்பதற்கு யாராவது ஒரு ரன் எடுத்துத் தர வேண்டும், அதில் அவருக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. 1963 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவின் ஹுவான் மரிஷாலும் மில்வாக்கியின் 42 வயது வாரன் ஸ்பானும் இப்படி மாற்றி மாற்றி முட்டை போட்டுப் பதினாறாவது இன்னிங்ஸ் வரை போனார்கள். சான் பிரான்சிஸ்கோவின் வில்லி மேஸ் ஒரு ஹோம் ரன் (பந்தை எல்லைச் சுவருக்கு வெளியே அடித்து, ஒரே மூச்சில் சுற்றி வருவது) அடித்து 1-0 என்று முடித்துவைத்தார். மரிஷால் 227 பந்து, ஸ்பான் 201. இன்றைய அணி மருத்துவர் யாராவது கேட்டால் மயங்கி விழுவார்.

ஒன்பதாவது இன்னிங்ஸிலும் மோரிஸ் மூன்று பேரையும் வரிசையாக அனுப்பினார். மின்னசோட்டா மறுபடி இரண்டு பேரை ஏற்றி, மறுபடி டபுள் பிளேயில் வீணடித்தது. சாதாரண நாளாக இருந்தால் ஷட்அவுட் இங்கேயே முடிந்திருக்கும். ஒன்பது இன்னிங்ஸ், ஒன்பது முட்டை. ஆனால் ஜெயித்தால்தானே ஆட்டம் முடியும்? 1924க்குப் பிறகு உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போனது இதுவே முதல் முறை.

கெல்லி, ‘போதும், நிறைய போட்டுவிட்டாய்’ என்ற எண்ணத்தோடு மோரிஸிடம் வந்தார். ஆட்டத்தை முடித்துவைப்பதற்கென்றே ரிக் அகிலேரா என்ற க்ளோசர் அணியில் இருந்தார். மோரிஸ் அசையவில்லை; தான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று நின்றார். பிட்சிங் பயிற்சியாளரும் அதையே சொன்னார். கெல்லி விட்டுக்கொடுத்தார். பத்தாவது இன்னிங்ஸில் மோரிஸ் மேட்டுக்குப் போனார். மூன்று பேர், மூன்று அவுட். கடைசிக் கணக்கு: 10 இன்னிங்ஸ், 7 ஹிட், 2 வாக், 8 ஸ்ட்ரைக்அவுட், 126 பந்து, 0 ரன்.

பிறகு மின்னசோட்டாவின் முறை. டான் கிளாடன் அடித்தபோது பேட் உடைந்தது. பந்து சோம்பேறித்தனமாக எழும்பி, யாருக்கும் எட்டாத இடத்தில் விழுந்து, அந்தச் செயற்கைப் புல்லில் குதித்தது. கிளாடன் நிற்காமல் இரண்டாவது பேஸ் வரை ஓடினார். நாப்லாக் மெதுவாகத் தட்டித் தன்னை அவுட் ஆக்கிக்கொண்டு, கிளாடனை மூன்றாவது பேஸுக்கு நகர்த்தினார். இப்போது காக்ஸ் இரண்டு பேருக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்து பேஸை நிரப்பினார். காரணம் உங்களுக்கே தெரியும். கிளாடன் ஓடிவராமல் தடுக்க வெளி ஃபீல்டர்களையும் கிட்டத்தில் கூப்பிட்டுக்கொண்டார். முழங்கால் வலியோடு பெஞ்சில் இருந்த ஜீன் லார்கினை கெல்லி அனுப்பினார். அலஹாந்த்ரோ பேன்யா எறிந்த முதல் பந்தையே லார்கின் தூக்கி அடித்தார். வழக்கமான இடத்தில் ஃபீல்டர் நின்றிருந்தால் அது கேட்ச். கிட்டத்தில் நின்றதால் தலைக்கு மேல் போய் விழுந்தது. கிளாடன் ஹோம் பிளேட்டில் குதித்தபோது மோரிஸ் அங்கே காத்துக்கொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட ஆட்டம் இன்று ஏன் அரிதாகிவிட்டது? சை யங் என்ற பழங்காலத்து பிட்சர், தான் தொடங்கிய 815 ஆட்டத்தில் 749ஐத் தானே முடித்தார். 1907 முதல் 1927 வரை ஆடிய வால்டர் ஜான்சன் 110 ஷட்அவுட் போட்டார். இரண்டும் இனி யாரும் நெருங்க முடியாத எண்கள். மோரிஸின் மொத்தக் கணக்கு 175 கம்ப்ளீட் கேம், 28 ஷட்அவுட். அதற்கடுத்த தலைமுறையின் மிகச் சிறந்தவர்களில் ஒருவரான கிளேட்டன் கெர்ஷா 18 பருவம் ஆடியும் 25 கம்ப்ளீட் கேம், 15 ஷட்அவுட்தான். ‘அந்தக் காலத்து ஆட்கள் உரமானவர்கள்’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. உண்மையில் இப்போது ஒவ்வொரு பந்தையும் முழு வேகத்தில் எறிகிறார்கள், முழங்கை தாங்குவதில்லை. ஓர் இன்னிங்ஸ் மட்டும் வந்து மணிக்கு 155, 160 கிலோமீட்டரில் போடும் ரிலீவர்கள் எல்லா அணியிலும் வரிசையில் நிற்கிறார்கள். களைத்த நல்லவரைவிடப் புதிதாக வரும் சுமாரானவர் மேல் என்று கணக்கு சொல்கிறது.

அந்த மூன்றாவது சுற்று இங்கேதான் வருகிறது. 2020 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். டாம்பா பே அணியின் பிளேக் ஸ்னெல், ஆறாவது இன்னிங்ஸ் வரை டாட்ஜர்ஸுக்கு இரண்டே ஹிட் கொடுத்து, ஒன்பது பேரை ஸ்ட்ரைக்அவுட் ஆக்கி, 1-0 என்ற முன்னிலையில் 73 பந்து மட்டும் போட்டிருந்தார். எதிரணி வரிசை மூன்றாவது முறையாகத் தொடங்கப்போகிறது. மேனேஜர் கெவின் கேஷ் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். அடுத்த சில நிமிடத்தில் டாட்ஜர்ஸ் இரண்டு ரன் எடுத்தது. கடைசியில் 3-1 என்று ஆட்டமும் கோப்பையும் அவர்களுக்கே போனது. தேதி அக்டோபர் 27. மோரிஸ் இறங்க மறுத்த அதே தேதி, 29 வருடம் கழித்து. கேஷ் செய்தது கணக்குப்படி தப்பில்லை என்பது என் எண்ணம். கெல்லி செய்ததுதான் கணக்குப்படி தப்பு. ஆனாலும் எந்த ஆட்டத்தை மறுபடி பார்ப்பேன் என்று கேட்டால் யோசிக்க மாட்டேன்.

ஷட்அவுட் நடப்பதை நேரலையில் பிடிக்க ஆசை இருந்தால், ஏழாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள்: எதிரணியின் ரன், பிட்சர் போட்ட பந்துகள். ரன் 0, பந்து 80க்குள் என்றால் சேனலை மாற்ற வேண்டாம். 95ஐத் தாண்டிவிட்டது என்றால் புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் தயாராகும் இடம்) யாராவது கை சுழற்ற ஆரம்பித்திருப்பார்.

மோரிஸுக்கு அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்தது. ஆனால் பேஸ்பாலின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர இழுபறி ஆனது. பத்திரிகையாளர்கள் 15 வருடம் வாக்களித்தும் போதிய ஆதரவு வரவில்லை. மொத்த ஆட்ட வாழ்க்கையில் அவர் கொடுத்த ரன்களின் சராசரி கொஞ்சம் அதிகம். ஓர் இரவை வைத்து ஒருவரை எடைபோடலாமா என்று ஒரு தரப்பு கேட்டது. கடைசியில் வேறொரு குழுவின் தேர்வு மூலம் 2018இல் உள்ளே போனார்.

ஸ்மோல்ட்ஸ் 2015இலேயே போய்விட்டார். அந்த ராத்திரி அவரும் ஏழு இன்னிங்ஸுக்கு மேல் போட்டு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. முடிக்க விடாமல் எடுத்துவிட்டதால், அவர் கணக்கில் ஷட்அவுட் இல்லை, வெற்றி இல்லை, தோல்வியும் இல்லை.